பழசா, புதுசா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. மஸ்கெலியா பஸ்ஸில் தெரியாத ஆள் யாராவது என் பக்கத்தில் உட்கார்ந்தால், முன் சீட்டிலிருந்து திரும்பி, "இவங்களுக்குத்தான் கேன்சர் வந்து சொகமாச்சு" என்று அறிமுகப்படுத்தி வைப்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, மறைப்பானேன். அந்தப் பெருமையோடு தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலத்தில்தான் கழுத்தில் கட்டி வந்தது.

இப்போது என் வாய் பாதிதான் திறக்கும். பேசினால் பழகாதவர்களுக்குப் பாதிதான் புரியும். முன்பெல்லாம் எனக்கு வாய் நீளம் என்பார்கள். அந்த நீளத்தை டொக்டர்மார் வெட்டிவிட்டதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாவது தடவை இந்த நோய் வருகிறவர்களுக்கு, வருகிறது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்கு, இது உதவினால் சரி.

முதல் நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். இடது மார்பில் கட்டி. கண்டி ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்தார்கள், அக்குளுக்குள் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு தலைமயிர் கொட்டுகிற ஊசி, பிறகு எங்கள் ஆட்கள் 'கரண்டு வைக்கிறது' என்று சொல்லும் கதிர் சிகிச்சை. நெறி எடுத்த கையால் பாரம் தூக்கக்கூடாது, தூக்கினால் கை வீங்கும் என்றார்கள். கூடை சுமக்க முடியாதவளுக்கு மலையில் என்ன வேலை? தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் என்னைப் போட்டார்கள். பல வருஷம் நல்லபடியாக ஓடியது.

வருஷா வருஷம் கண்டி கிளினிக்குக்குப் போவேன். என்னோடு வருவது பாக்கியம். பாக்கியம் என் வீட்டுக்காரரின் தங்கை, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பரா. அவளும் நானும் ஒரே வயது. ஒரே மலையில் பறித்தவர்கள். எங்கள் இருவருக்கும் வெற்றிலைப் பையும் ஒன்றுதான், ஒரு நாள் என் இடுப்பில் இருக்கும், மறுநாள் அவள் இடுப்பில் இருக்கும். மழையில் நனைந்துகொண்டு பறிக்கிறவளுக்குக் கடைவாய்க் கொடுப்புக்குள் ஒரு வாய் வெற்றிலை, பாக்கு, புகையிலை இருந்தால் குளிரும் தெரியாது, பசியும் தெரியாது. மடுவத்துக்கு வந்த பிறகும் நான் அதை விடவில்லை. கேன்சர் வந்தது மார்பில், வெற்றிலை போடுவது வாயில், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவள் நான்.

கிளினிக் நாளில் எங்கள் ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான். கண்டியில் பஸ்ஸால் இறங்கியதும் குழாயைத் தேடிப்போய் வாயை நன்றாகக் கொப்புளிப்போம். சிவந்த வாயோடு டொக்டர் முன்னால் நிற்கக்கூடாது. பிறகு கடையில் ஒரு கட்டு வெற்றிலை வாங்குவோம். பெரியவர்களுக்கு வெற்றிலைக் கட்டுக் கொடுத்துக் கும்பிடுவது சிங்கள ஆட்களின் மரியாதை, கூடவே இருந்து எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. என் உயிரைக் காப்பாற்றிய டொக்டர் ஐயாவுக்கு வருஷம் தவறாமல் அதைக் கொடுத்தேன். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.

அவர் கேள்வி கேட்கும்போது நான் வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொல்வேன். எங்கள் தோட்டத்தில் துரைக்கும் கிளாக்கருக்கும் டொக்டருக்கும் முன்னால் அப்படித்தான் நின்று பழகினோம். நம் வாய்க்காற்று அவர்கள் மேல் படக்கூடாது. சிறு பிள்ளையிலேயே கையைப் பிடித்து வாயில் வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவர் மார்பைப் பார்ப்பார், அக்குளைப் பார்ப்பார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். "வேற கரைச்சல் ஏதும் இருக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்பார். நான் பொத்திய கையை எடுக்காமலே தலையை ஆட்டுவேன். வாயில் காரம் பட்டால் எரிவதும், ரொட்டியைப் பெரிதாகக் கடிக்க முடியாததும் எனக்குக் கரைச்சலாகத் தோன்றவில்லை. முன்பு வைத்த கரண்டின் மிச்சம் என்று நினைத்திருந்தேன். பாக்கியத்துக்கும் காரம் ஆகாது, அவளுக்கு யாரும் கரண்டு வைக்கவில்லையே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கழுத்துக் கட்டியைக் கண்டுபிடித்தது மடுவத்துக் குழந்தை ஒன்று. தூக்கி வைத்திருந்தபோது தாடைக்குக் கீழே விரலால் குத்திக் குத்தி விளையாடியது. தொட்டுப் பார்த்தேன். பாக்கு மாதிரி ஒன்று, வலியில்லாமல், நகராமல் இருந்தது. முதல் தடவை மார்பில் இருந்ததும் வலிக்கவில்லை. வலிக்காத கட்டிதான் எனக்குப் பயம். அன்றைக்கு மலையெல்லாம் மூடுபனி, மடுவத்து வாசலுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தாய்மார் ஒவ்வொருவராகப் பனிக்குள்ளிருந்து வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் பனிக்குள் போனார்கள். நான் கழுத்துச் சேலையைச் சரிசெய்துகொண்டே நின்றேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் தொட்டுப் பார்த்த ஐயா எப்போதும் பகடி பேசுகிறவர். அன்று பேசவில்லை. "நீங்க நேரா கண்டிக்கே போங்க" என்றார்.

கண்டியில் என் டொக்டர் கழுத்தைத் தொட்டதும், இன்னொரு கையில் வைத்திருந்த வெற்றிலைக் கட்டை மேசையில் வைத்தார். அவர் சிங்களத்தில் சொன்னதைப் பாக்கியம் புரிந்துகொள்ளாதது போல முகத்தை வைத்துக்கொண்டாள். எனக்கு நன்றாகப் புரிந்தது. பழைய நோயின் ஒரு பொட்டு எங்கேயாவது ஒளிந்திருந்து, இத்தனை வருஷம் கழித்துக் கழுத்துக்கு நடந்து வந்திருக்கலாம். அப்படியென்றால் அறுத்து எடுத்து முடிக்கிற காரியம் இல்லை, உடம்பில் வேறு இடங்களிலும் அது இருக்கும். மருந்து கொடுத்து அடக்கி வைக்கலாம், அடங்கிக் கிடக்கும் மட்டும் காலம் போகும். பழையது இல்லையென்றால் வேறு கதை, புதிதாக வந்ததை அறுத்து எடுத்துவிடலாம். எதுவென்று ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மெல்லிய ஊசிதான். கட்டிக்குள் விட்டு நாலைந்து தடவை அசைத்துக் கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தடவினார்கள். அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து எந்த இடத்து உயிரணு என்று சொல்வார்களாம். ஆளைப் பார்த்து எந்த ஊர் என்று சொல்வது மாதிரிதான் அதுவும். முடிவு வர நாளாகும் என்றார்கள்.

அந்த நாட்களை எப்படிச் சொல்ல? செத்தால் செத்துப் போகிறேன் என்று ஒருகணம் தோன்றும், அடுத்த கணம் அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிறதே என்று எழுந்து ஓடுவேன். என் வீட்டுக்காரர் மாணிக்கம் பேசாத மனிதர். தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் சத்தத்துக்குள்ளேயே இருந்து பேச்சை மறந்துவிட்டார் என்று நான் கேலி செய்வேன். அவர் அந்த நாட்களில் ஒரு காரியம் செய்தார். வேலை முடிந்து வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை தன் தட்டைத் தொடாமல் இருப்பார். "என்னத்தப் பாக்குறீங்க?" என்றால், "ஒண்ணுமில்ல, தின்னு" என்பார்.

பாக்கியம் அப்படியில்லை. கோயிலுக்குப் போய் மாரியம்மன் முன்னால் சூடம் கொளுத்தினாள். பூசாரி என்ன வேண்டுதல் என்று கேட்டிருக்கிறார்.

"எங்க மதினிக்கு வந்திருக்கிறது புது கேன்சரா இருக்கணும் சாமி" என்றாளாம்.

பூசாரி திருநீற்றுத் தட்டோடு அப்படியே நின்றாராம். அவர் சர்வீஸில் அப்படி ஒரு வேண்டுதல் வந்திருக்காது. பாக்கியம் வந்து என்னிடம் சொன்னபோது இரண்டு பேரும் சிரித்தோம். அவள் எப்போதும் போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு நான் அழுதேன், அவள் என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

முடிவு வாங்கப் போன அன்று கிளினிக் வாங்குப் பலகையில் எங்களோடு ஒரு சிங்கள அம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கும் மார்பில் வந்து, இப்போது எலும்புக்குப் போய்விட்டதாம். நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குடிக்கும்போது, என்னை மாதிரி ஆக வேண்டாம் என்று உனக்காகக் கும்பிடுகிறேன் என்று சிங்களத்தில் சொன்னார்.

உள்ளே போனோம். டொக்டர் ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

"பரண எக நெவெய்" என்றார். பழசு இல்லை. "அலுத் எகக்." புதுசு ஒன்று.

பாக்கியம் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. புதிதாக ஒரு புற்றுநோய் வந்திருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். டொக்டர் சிரிக்கவில்லை. ஊசியில் வந்தது மார்பின் உயிரணு இல்லை, வாயிலும் தொண்டையிலும் உள்தோலாக இருக்கிற வகை என்றார். எங்கேயோ ஒரு இடத்தில் ஆரம்பித்துக் கழுத்து நெறிக்கு வந்திருக்கிறது. அந்த இடத்தைத் தேட வேண்டும் என்று வாய் பார்க்கிற பகுதிக்கு அனுப்பினார்.

போகிற வழியில் குழாய் ஒன்று இருந்தது. கால் தானாக நின்றது. நன்றாகக் கொப்புளித்துவிட்டுத்தான் போனேன்.

அங்கே இருந்தது யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர், என் மகள் வயது இருக்கும். "எவ்வளவு காலமா வாய் எரியுது அம்மா?" என்று கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு, "எரியறதெல்லாம் ரொம்ப நாளாவே இருக்குங்க மிஸ்" என்றேன்.

"முதல்ல கையை எடுங்கோ. எனக்குத் தெரிய வேணும் எண்டால் வாய் தெரிய வேணும்."

கையை எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரே என் கையைப் பிடித்து மடியில் வைத்தார். பிறகு, நடு மூன்று விரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு இடையில் வைக்கச் சொன்னார். நல்ல வாய்க்கு மூன்று விரலும் போகும், உங்களுடைய சொந்த விரல்தான் அளவு என்றார். எனக்கு இரண்டு விரலே சிரமப்பட்டுத்தான் போனது. பாக்கு போட்டுப் போட்டுக் கன்னத்துத் தசை தோல்வார் மாதிரி இறுகிவிடுமாம். இறுகிய இடத்தில்தான் பிறகு நோய் பிடிக்குமாம். சின்ன விளக்கை உள்ளே விட்டு, இடது கொடுப்பில், நான் எப்போதும் வெற்றிலையை அடக்கி வைக்கிற அதே இடத்தில், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கன காலமா இருந்திருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். "ஒருத்தருக்கும் காட்டேல்லையோ?"

மார்பைத் திறந்து காட்டினேன், எத்தனையோ பேருக்குக் காட்டினேன், கூச்சப்படவில்லை. வாயைத்தான் காட்டவில்லை. அது மரியாதை என்று நினைத்திருந்தேன்.

இது முதல் நோயின் பிள்ளை இல்லை, தனியாகப் பிறந்த இன்னொன்று என்று அவர் விளக்கினார். ஒரு தடவை தப்பியவர்களில் சிலருக்கு வருஷங்கள் கழித்து இப்படி வரும். சிலருக்குப் பழக்கத்தால், சிலருக்குக் குடும்ப வழியால், சிலருக்கு முதல் நோய்க்கு வாங்கிய சிகிச்சையாலேயே வரும். என் விஷயத்தில் வெற்றிலையும் புகையிலையும் பாக்கும்தான் என்றார். முதலாவதில் செத்துப் போயிருந்தால் இரண்டாவது வந்திருக்காது. பிழைத்திருந்ததால்தான் அதற்கு நேரம் கிடைத்திருக்கிறது. சொகமாச்சு என்ற வார்த்தை மார்புக்கு மட்டும்தான் சொல்லப்பட்டது, நான் அதை உடம்பு முழுக்கப் போர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால்தான் பழைய நோய் என்னை எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரிந்தது. அந்தக் காலத்து ஊசி மருந்து இதயத்தைக் களைக்க வைத்திருக்கலாம் என்று இதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்த்தார்கள். கன்னத்தில் எடுக்கிற இடத்தை மூட மார்பிலிருந்து சதை எடுப்பதுண்டாம். என் இடது மார்பில் கரண்டு வைத்த தோல் அதற்கு உதவாது. இடது கையில் ஊசி குத்தக்கூடாது. கடைசியில் வலது முன்கைத் தோலை எடுப்பது என்று முடிவு செய்தார்கள். இன்னொரு தடவை வந்தால் எதை எடுப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. பாக்கியம் கேட்டாள். ஆபரேஷன் செய்கிற பெரிய டொக்டர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டு, "இப்ப இதைப் பாப்போம்" என்றார்.

இடது கன்னத்தின் உள்புறம், கொடுப்புப் பற்கள், தாடை எலும்பில் ஒரு விளிம்பு, கழுத்து நெறிகள். இவ்வளவும் போனது. கண் விழித்தபோது மூக்கில் குழாய், கழுத்தில் குழாய், வாய் முழுக்க யாரோ துணியை அடைத்த மாதிரி இருந்தது. துணி இல்லை, என் கைத்தோல். பேச்சு வரவில்லை. மாணிக்கம் கட்டில் ஓரமாக நின்றார். பேசாத மனிதர் அன்றைக்குப் பேசினார். மடுவத்துக் குழந்தைகளின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி, இது உன்னைக் கேட்டது, அது உன்னைக் கேட்டது என்றார். பாதி பொய். அந்தக் குழந்தைகளில் பலருக்கு இன்னும் பேச்சு வரவில்லை. எனக்குக் கண்ணீர் காதுவரை ஓடியது, துடைக்கக் கை வரவில்லை.

பாக்கியம் பக்கத்து வார்டு அடுப்படியில் சிநேகம் பிடித்து, பருப்புத் தண்ணி வடித்துக் குழாயில் விடக் கொண்டுவருவாள். என் முன்னால் வெற்றிலை போடுவதில்லை. போட்டுவிட்டு வெளியில் குழாயில் கொப்புளித்து வருகிறாள் என்பது சேலைத் தலைப்பின் ஈரத்தில் எனக்குத் தெரியும். வார்டில் கொடுக்கிற பாண் ரொட்டியை அவள் தேத்தண்ணியில் ஊறவைத்துத்தான் தின்பாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

பிறகு திரும்பவும் கரண்டு. இந்தத் தடவை முகத்துக்கு. முகத்தின் மேல் சூடான வலை ஒன்றை அழுத்தி அச்செடுத்து, அந்த முகமூடியால் தலையை மேசையோடு பூட்டிவிடுவார்கள். அசையக்கூடாது. எல்லாரும் வெளியே போய்க் கதவை மூடுவார்கள். இயந்திரம் இரையும். அங்கே படுத்துக்கொண்டு நான் ஒன்றையே நினைத்தேன். முதல் நோய்க்கும் இப்படித்தான் படுத்திருந்தேன், எல்லாம் முடிந்தது என்று எழுந்து வந்தேன். இந்தத் தடவை முடிந்தது என்று சொன்னால் எந்த இடத்துக்குச் சொல்வார்கள்?

முடிந்து கனகாலம் ஆகிறது. கழுத்து சுத்தமாக இருக்கிறது, கன்னமும் சுத்தம். ஆனாலும் கிளினிக்குக்குப் போகும் வாரம் எனக்கு உறக்கம் வராது. மூன்றாவதும் வரலாமா என்று யாழ்ப்பாணத்து டொக்டரிடம் கேட்டேன். வராது என்று பொய் சொல்லமாட்டேன், வந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடிப்போம் என்றார். ரசம் சோறு கரைத்துக் குடிக்கிறேன். சிரித்தால் வாய் ஒரு பக்கம்தான் போகிறது. டொக்டருக்கு வெற்றிலைக் கட்டு கொண்டு போவதில்லை, ஒரு பூங்கொத்து கொண்டு போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாக்கியம் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். வெயில் இருந்தது, லயத்து வாசலில் உட்கார்ந்தோம். டிஸ்பென்சரி ஐயா கேட்டுக்கொண்டபடி, லயத்துப் பெண்கள் எல்லாருக்கும் அந்த மூன்று விரல் சோதனையைக் காட்டிக்கொடுக்கிறேன். மடுவத்துக்கு வருகிற தாய்மார் எல்லாரும் செய்துவிட்டார்கள். பாக்கியம்தான் இன்றைக்கு நாளைக்கு என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தாள்.

"வெச்சுப் பாரு பாக்கியம்" என்றேன்.

"எனக்கென்ன மதினி, நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லா இருந்தா வெச்சுக் காட்டு."

"இருங்க, வாயக் கொப்புளிச்சிட்டு வாரேன்."

வாசல் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்து என் முன்னால் குந்தினாள். சிரித்துக்கொண்டே விரலைச் சேர்த்து நிறுத்தி வாயில் வைத்தாள். ஒரு விரல் போனது. இரண்டாவது நகக்கண்ணோடு நின்றது. சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். பிறகு விரலை வெளியே எடுத்துச் சேலையில் துடைத்தாள்.

"கொழுந்து பறிச்சுத் தடிச்சுப் போன விரலு மதினி" என்றாள். "அதான் போகல."

அவளுடைய சொந்த விரல்தான் அளவு என்பதை நான் சொல்லவில்லை. உள்ளே போய் டோர்ச்சை எடுத்து வந்தேன். என் கையில் டோர்ச்சைப் பார்த்ததும் அவள் வலது கை மேலே போய் வாயைப் பொத்திக்கொண்டது. துரைக்கும் டொக்டருக்கும் முன்னால் பொத்துகிற அதே மாதிரி.

"கைய எடு பாக்கியம்" என்றேன்.

அவள் எடுக்கவில்லை. நான்தான் அந்தக் கையைப் பிடித்து அவள் மடியில் வைத்தேன்.